கற்றதைக் கொடுப்பதா, கற்றவரெனக் காட்டுவதா?

சென்ற மாதம் நமது சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணியாற்றும் இளஞ்சகோதரி ஒருவர் நம்மை அணுகி ஓர் ஐயத்தை வெளியிட்டார். ஐந்தாண்டுகளாகப் பாடம் நடத்தி வருபவர். சமூக வலைத்தளங்களில் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. "லிங்க்ட்இன்னிலும் ஃபேஸ்புக்கிலும் கணக்குத் தொடங்குங்கள், மற்ற ஆசிரியர்களோடு பழக்கம் ஏற்படும், உங்கள் பணியும் நாலு பேருக்குத் தெரியவரும்" என்று உடன் பணியாற்றுவோர் சொல்லி வருகிறார்களாம். அவருக்கும் அதில் விருப்பமுண்டு. ஆனால் முதற்பதிவாக எதை இடுவது என்னும் இடத்தில் அவர் மனம் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். அவருடைய வகுப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். வீட்டில் ஆங்கிலமே பேசுபவன். 'பழம்' என்பதைப் 'பலம்' என்பான். 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்பான். ஆறு வார காலம் அவனோடு பொறுமையாக உழைத்தார் ஆசிரியை. பையனின் நாவு திருந்தியது. முன்பு அவன் தடுமாறியதும், பின்பு தெளிவாக உச்சரித்ததும், அவருடைய கைத்தொலைபேசியில் இரண்டு காணொளிகளாக இருக்கின்றன. பையனின் தாயாரும் சம்மதித்துவிட்டார். இவ்விரண்டையும் சேர்த்து வெளியிட்டால் ஆயிரக்கணக்கானோர் பார்ப்பார்கள் என்பது நண்பர்களின் யோசனை. "மாமா, இதைப் போட்டால் அறிவைப் பரப்புவதாகுமா, ரியா ஆகுமா?" என்று கேட்டார் சகோதரி.

அங்கிருந்த பெரியவர்கள் உடனே இரு பிரிவானார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு? ஆசிரியர் தம் வேலையைச் செய்தால் போதும், அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்றார். வணிகரான மற்றோர் அன்பர், "காலம் மாறிவிட்டது ஐயா, ஊரோடு ஒத்து வாழவேண்டாமா? நம் பிள்ளைகள் தம்மைப் பற்றித் தாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?" என்றார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆயினும் சகோதரியின் ஐயம் தீரவில்லை, நமக்கும் தீரவில்லை. ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டுள்ள மற்றச் சகோதர சகோதரிகளுக்கும் இக்கேள்வி எழக்கூடுமாதலின், நமக்குத் தோன்றியவற்றை இங்கு எழுதத் துணிந்தோம்.

தனித்து நிற்கும் ஆசிரியர்

முதலில், ஆசிரியர்களுக்கு இத்தகைய தொடர்பு தேவைதானா என்று பார்ப்போம். 1946ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஏற்படுத்திய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தமிழ்ப்பள்ளிகள் இருந்த நாள்களில் ஆசிரியர் ஓய்வறையே ஒரு சங்கமாக விளங்கிற்று. ஒருவருக்குப் பாடத்தில் ஐயம் வந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வார். இன்று சிங்கப்பூரில் தமிழாசிரியர்கள் பள்ளிக்குச் சிலராகப் பிரிந்து பணியாற்றுகிறார்கள். அந்தச் சிலருக்குள் ஒருவரையொருவர் கேட்டுத் தீராத ஐயத்தை வேறெங்கே கொண்டுபோவது?

அக்கரையில் மலேசியாவிலோ ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இருப்பினும் அவற்றுள் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறு பள்ளிகள்; தோட்டப்புறங்களில் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பவை. நம் பள்ளிவாசல்களில் வார இறுதியில் பிள்ளைகளுக்கு மார்க்கக் கல்வி புகட்டும் உஸ்தாதுமார்களின் நிலையும் இதுவே. ஒருவரே ஏழு வயதுப் பிள்ளைக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் பாடம் சொல்ல நேருகிறது. கலந்து பேச அருகில் ஆளில்லை.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுப் பரவியபோது இத்தனிமை எவ்வளவு பெரிது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். மலேசியாவில் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிற்று. சிங்கப்பூரில் ஏப்ரல் 8ஆம் தேதி முதல் பிள்ளைகள் அனைவரும் வீட்டிலிருந்தே பயின்றார்கள். திரையின் வழியே பாடம் நடத்தும் கலையைப் பயிற்சிக் கல்லூரியில் கற்றிராத ஆசிரியர்கள், வாட்ஸ்ஆப் குழுக்களிலும் டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் ஒருவரையொருவர் கேட்டே கற்றார்கள். முன்பின் அறியாத ஓர் ஆசிரியர் இரவு கண்விழித்துத் தயாரித்த பயிற்சித்தாள் மறுநாள் காலை வேறோர் ஊரில் வேறொரு வகுப்பில் பயன்பட்டது. கொடுத்தவர் கைம்மாறு கேட்கவில்லை. அதை எவரும் விளம்பரம் என்று சொல்லவுமில்லை.

தொலைவில் இருப்போர் எழுத்தின் மூலம் கூடிக் கற்பது நமக்குப் புதிதுமன்று. 1887ஆம் ஆண்டில் மகதூம் சாயபு அவர்கள் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கி, கடல் கடந்து வந்து சிதறிக்கிடந்த தமிழரை ஓர் ஏட்டின்கீழ் ஒன்றுசேர்த்தார்கள். 1950ஆம் ஆண்டில் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' பத்திரிகை கதை வகுப்பு நடத்தியது. தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் இருந்தோர் பத்திரிகையின் வழியாகவே கதை எழுதக் கற்றார்கள். அவ்விரு பத்திரிகைகளும் இன்று இல்லை. அவை செய்த வேலை மட்டும் வேறு கருவிகளைத் தேடிக்கொண்டது. ஆகவே, தொடர்பு தேவையா என்னும் கேள்விக்கு, தேவை என்பதே நமது விடை. சகோதரியின் கேள்வி அதற்கு அப்பாற்பட்டது.

இமாம் கஸ்ஸாலியின் நாவு

நம் மார்க்கம் இவ்விஷயத்தில் இரண்டு புறமும் எச்சரிக்கை செய்கிறது. பிறர் கேட்கும்போது தம்மிடமுள்ள பயனுள்ள அறிவை மறைத்து வைப்பது குற்றம். கற்றவர் என்று பிறர் சொல்லவேண்டும் என்பதற்காகவே கற்பதும் கற்பிப்பதும் குற்றம். இரண்டையும் பற்றி ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கைகள் வந்திருப்பதை நம் ஆலிம்கள் எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறோம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பை நிய்யத்தைப் பற்றிய அறிவிப்பைக் கொண்டே தொடங்கினார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

ஆசிரியரின் நிய்யத்தைப் பற்றிப் பேசும்போது நம் நினைவுக்கு முதலில் வருபவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1091ஆம் ஆண்டில் பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் அவர்கள் தலைமை ஆசிரியப் பதவி ஏற்றார்கள். முன்னூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டார்கள். அக்காலத்து இஸ்லாமிய உலகில் அதைக் காட்டிலும் பெரிய ஆசிரியப் பதவி அரிது. நான்கே ஆண்டுகளில், 1095ஆம் ஆண்டில், அப்பதவியை விட்டு வெளியேறினார்கள். தாம் கற்பிப்பது எதற்காக என்று தம்மைத் தாமே சோதித்தபோது, அது அல்லாஹ்வுக்காக மட்டும் இல்லை, பெயரும் பதவியும் தம்மைத் தூண்டுகின்றன என்று கண்டதாகத் தம் 'அல் முன்கித்' என்னும் நூலில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்கள். உள்ளத்தின் போராட்டம் முற்றி, வகுப்பில் நாவு எழாமல் பேச்சே நின்றுபோன நிலைக்கு ஆளானார்கள்.

இவ்வளவோடு கதையை நிறுத்தினால், நம் தலைமையாசிரியர் பெரியவர் சொன்னதே சரி என்று ஆகிவிடும். ஆனால் கதை இவ்வளவில் முடியவில்லை. ஏறக்குறையப் பதினோராண்டுகளுக்குப் பின், 1106ஆம் ஆண்டில், இமாம் அவர்கள் நைஸாபூரில் மீண்டும் ஆசிரியராக அமர்ந்தார்கள். வெளிப்பார்வைக்குப் பழைய இடத்துக்கே திரும்பியதாகத் தோன்றினாலும், உண்மையில் தாம் திரும்பவில்லை என்று விளக்குகிறார்கள். முன்பு கற்பித்தது பதவியைத் தேடித்தரும் அறிவு. இப்போது கற்பிப்பது பதவி ஆசையை விடச்செய்யும் அறிவு என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? மக்கள் முன் வருவதும் வராதிருப்பதும் மட்டும் ஒருவருடைய நிய்யத்தைக் காட்டிவிடா. சபைக்கு வந்தவரெல்லாம் பெயர் தேடுபவரும் அல்லர். வீட்டில் இருந்தவரெல்லாம் தூயவரும் அல்லர். "நான் அவர்களைப்போல் வலைத்தளத்தில் தம்பட்டம் அடிப்பவன் அல்லன்" என்று பத்துப் பேரிடம் சொல்லிக்கொள்வதும் ஒருவகைத் தம்பட்டமே என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

எண்ணம் தூயதாகும் வரை காத்திருப்பதா?

இங்கு ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "இமாம் கஸ்ஸாலி போன்ற மகான் தம் உள்ளத்தைச் சோதித்து அறிந்தார். நம் போன்றோர் எப்படி அறிவது? அறிவைப் பகிரும் ஆசையும் பாராட்டுப் பெறும் ஆசையும் பாலும் நீரும்போல் கலந்தல்லவா கிடக்கின்றன? நீர் முழுதும் வடியட்டும் என்று காத்திருந்தால் எவரும் வாயைத் திறக்க முடியாதே!"

வாஸ்தவம். தூய எண்ணம் வந்த பிறகே தொடங்குவது என்றால் வகுப்பறைக்குள் செல்வதற்கும் நமக்குத் தகுதியிராது. ஆகையால், எண்ணம் தூயதாகட்டும் என்று காத்திருப்பதைவிட, எண்ணம் கெடுவதற்கு இடம் குறைவாக உள்ள செயல்களிலிருந்து தொடங்குவதே தக்கது என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். நாக்கில் ருசி ஏறிவிட்டவன் பத்தியம் பிடிப்பது கடினம். தொடக்கத்திலேயே அளவறிந்து உண்பவனுக்கு அவ்வளவு கடினம் இல்லை. வலைத்தளத்தில் முதல் மாதம் எப்படிப் பழகுகிறோமோ அப்படியே பின்னும் பழகுவோம். சகோதரி முதற்பதிவில் தயங்கி நின்றது வீண் தயக்கமன்று.

தொடங்கும் முறை

இவ்வாறு தொடங்கலாம். ஆசிரியப் பணிக்கென்று ஒரு கணக்கு. குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் வேறு கணக்கு. பணிக் கணக்கில் உண்மைப் பெயர், கற்பிக்கும் பாடம், கற்பிக்கும் வகுப்பு, எதைப் பற்றி அறிய விரும்புகிறோம் என்னும் விவரம் ஆகிய இவை போதும். வீட்டு முகவரியும் பிள்ளைகளின் படங்களும் அங்கு வேண்டா. வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்தால் பொதுவாக நம் தொலைபேசி எண் உறுப்பினர் கண்ணில் படும் என்பதையும், டெலிகிராமில் எண்ணை மறைத்துவைக்க வழியுண்டு என்பதையும் முன்பே அறிந்துகொள்வது, சிறப்பாகச் சகோதரிகளுக்கு, நல்லது. மாணவர்கள் நட்பு அழைப்பு அனுப்பினால் இன்முகத்தோடு மறுத்துவிடலாம். அவர்களைப் பார்க்கும் இடம் வகுப்பறை.

எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் கடை விரிக்கவேண்டிய அவசியமில்லை. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய லிங்க்ட்இன் தொழில் தொடர்புக்கென்றே அமைந்தது. கல்வித்துறையின் பிற நாட்டாரையும் பயிற்றுநரையும் அங்கு காணலாம். பயிற்சித்தாள்களும் பாடக் குறிப்புகளும் வேண்டுவோருக்கு டெலிகிராம், ஃபேஸ்புக் குழுக்கள் பயன்படும். ஒன்றைத் தேர்ந்து, முதல் சில வாரங்கள் எதுவும் எழுதாமல் பிறர் எழுதுவதைப் படிக்கலாம். யார் நிதானமாகப் பேசுகிறார், யார் பிறர் உழைப்பைத் தம் பெயரில் போடுகிறார் என்பது அதற்குள் விளங்கிவிடும். புதிய ஊருக்குச் சென்றவர் பள்ளிவாசலில் முதல் நாளே முன்வரிசையில் எழுந்து நின்று பிரசங்கம் செய்வதில்லை அல்லவா?

பின்பு எழுதத் தொடங்கும்போது முதலில் ஒரு கேள்வியை எழுதலாம். இரண்டாவதாக, பிறர் சொன்னதைச் செய்து பார்த்து, அது பயன்பட்டதா இல்லையா என்று அவருக்கே தெரிவித்து நன்றி சொல்லலாம். மூன்றாவதாக, நாம் முயன்று தோற்ற ஒன்றை எழுதலாம். வெற்றியை எழுதுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். கேட்பதிலும் நன்றி கூறுவதிலும் தோல்வியை ஒப்புக்கொள்வதிலும் பெருமைக்கு இடம் குறைவு, பயனோ அதிகம். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்று வரையறை செய்துகொள்வதும் நல்லது. விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருக்கும் விரல் தஸ்பீஹ் மணியை மறந்துவிடும்.

அரசாங்கப் பள்ளியில் பணிபுரிவோர் தம் அமைச்சின் விதிகளைப் படித்துக்கொள்ளவும் வேண்டும். மலேசிய அரசு ஊழியர்களுக்கு 1993ஆம் ஆண்டின் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் உள்ளன. வெளியாருக்குச் சொல்லத்தகாத அலுவலகச் செய்தியை நல்ல எண்ணத்தோடு வெளியிட்டாலும் தவறு தவறுதான்.

பிள்ளையின் முகம் யாருடையது?

இனி, அந்தக் காணொளிக்கு வருவோம். அதில் இருப்பது எட்டு வயதுப் பையனின் முகம். அவன் தடுமாறிய நாவு. ஒருவேளை சீருடையில் தைத்த அவன் பெயர்ப்பட்டை. பெற்றோர் ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது அவனுடைய குறைகளையும் சேர்த்தே ஒப்படைக்கிறார்கள். அவன் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும், தவறாகச் சொல்லித் திருந்துவதும் அந்த நான்கு சுவருக்குள் அச்சமின்றி நடக்கவேண்டும் என்பதற்காகவே வகுப்பறை இருக்கிறது. மார்க்கத்தின் மொழியில் சொல்வதாயின், அது ஓர் அமானத். அமானத்தாக வந்த பொருளை, நல்ல காரியத்துக்காக ஆயினும், நம் பொருள்போல் செலவிட முடியாது.

தாயார் சம்மதித்தாரே என்று கேட்கலாம். சிறிது எண்ணிப் பார்ப்போம். நம் சமூகத்தில் ஒரு தாய், தன் பிள்ளைக்காக ஆறு வாரம் பாடுபட்ட ஆசிரியையிடம், அதுவும் அடுத்த ஆண்டும் அதே ஆசிரியையிடம் பிள்ளை பயிலக்கூடும் என்னும் நிலையில், "வேண்டாம் டீச்சர்" என்று சொல்லத் துணிவாரா? மறுக்க முடியாத இடத்தில் பெற்ற இசைவு முழு இசைவாகாது. நன்றிக்கடன் கொடுத்த சம்மதம் அது. பையனையோ எவரும் கேட்கவேயில்லை. கேட்டாலும் எட்டு வயதில் அவன் என்ன அறிவான்? இருபது வயதில் அவன் வேலைக்கு மனுச் செய்யும் நாளில், 'பழம்' சொல்லத் தெரியாத அவன் குழந்தை முகம் எவர் கைத்தொலைபேசியிலேனும் சிரிப்புப் பொருளாகச் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். வலையில் விட்டதைத் திரும்ப அழைக்க வழியில்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது. சட்டம் எதுவரை அனுமதிக்கும் என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். சட்டம் அனுமதிப்பதெல்லாம் அமானத்தும் அனுமதிக்கும் என்று நாம் கொள்ளலாகாது.

பையனுக்குப் பொருந்துவது சக ஆசிரியருக்கும் பொருந்தும். ஆசிரியர் குழுக்களில், "இன்று எங்கள் பள்ளியில் ஒருவர் என்ன செய்தார் தெரியுமா?" என்று பெயர் சொல்லாமல் தொடங்கும் பேச்சு, மூன்றாம் வரியிலேயே ஆளை அடையாளம் காட்டிவிடும். அது புறம் பேசுவதே. எழுத்தில் இருப்பதால் பாவம் குறையாது. பரவும் வேகம்தான் கூடும். ஒருவர் பதிவில் இலக்கணப் பிழை கண்டால் அவருக்குத் தனியே எழுதித் திருத்தலாம். நாலு பேர் முன் திருத்துவதில் திருத்துவோருக்குக் கிடைக்கும் இன்பத்தை அவரவரே சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இது யாரிடம் கற்றது?

பேச்சின் இடையே சகோதரியிடம், பையனின் நாவைத் திருத்திய முறை என்ன என்று கேட்டோம். மேசைமேல் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து, பையனைத் தன் வாயைத் தானே பார்க்கச் செய்வாராம். 'ல' சொல்லும்போது நாவின் நுனி மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈறைத் தொடும். 'ள' சொல்லும்போது நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ' சொல்லும்போது அவ்வாறே வளைந்து, தொடாமல் நிற்கும். "தொடு, வளைத்துத் தொடு, வளைத்துத் தொடாதே" என்று மூன்றே கட்டளை. கேட்ட நமக்கே, ஐம்பது வயதுக்கு மேல், ஒரு பாடம் கிடைத்தது.

"இம்முறையை நீங்களே கண்டுபிடித்தீர்களா?" என்றோம். சகோதரி சற்றுத் தயங்கி, "இல்லை மாமா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளியிலிருந்த மூத்த ஆசிரியை சொல்லிக்கொடுத்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கும் அவருடைய ஆசிரியர் சொன்னதாம்" என்றார். தாம் எழுதிவைத்திருந்த பதிவில் 'நான் கையாளும் முறை' என்று மட்டுமே இருந்ததாகவும் அவரே சொன்னார். வேண்டுமென்று மறைக்கவில்லை, எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. நமக்கெல்லாம் நேர்வதே.

நம் முன்னோர் அறிவை ஸனதோடு பெற்றார்கள். இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து நான் என்னும் சங்கிலி அறுந்த செய்தியை ஹதீஸ் கலை அறிஞர்கள் எளிதில் ஏற்கவில்லை. வலைத்தளத்தில் புழங்கும் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த ஒழுங்கு வேறில்லை. வந்த செய்தியை முன்னனுப்புமுன் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதும், பெற்ற முறையை எழுதும்போது கொடுத்தவர் பெயரை அவர் அனுமதியோடு சொல்வதும் அச்சங்கிலியின் இரு முனைகள். பெயர் சொல்வதால் நம் பங்கு குறைவதில்லை. ஒரு வரிசையில் நமக்கும் இடமுண்டு என்று அது காட்டுகிறது.

மலாக்காவில் 1796ஆம் ஆண்டில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ் அவர்களை இங்கு நினைக்கலாம். யமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே கற்பித்த ஓர் அரபு ஆசிரியரின் வழித்தோன்றல் அவர்கள். இந்தியப் படைவீரருக்கு மலாய் கற்பித்ததால் 'முன்ஷி', அதாவது மொழியாசிரியர், என்னும் பட்டமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1849ஆம் ஆண்டில் அச்சேறிய தம் வாழ்க்கை வரலாற்றில் தமக்குக் கற்பித்தவர்களைப் பற்றியும் எழுதிவைத்தார்கள். தம்மைப் பற்றி எழுதுவது குற்றமன்று. தம்மை உருவாக்கியோரை மறந்து எழுதுவதே குறை.

தராசும் கடையும்

வணிகரான நம் அன்பருக்கும் ஒரு வார்த்தை. பணியில் உயர்வதற்கும் நல்ல வேலை பெறுவதற்கும் ஓர் ஆசிரியர் தம் தகுதிகளை வெளியிடுவது ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடும் முயற்சியே. அதை நாம் இழிவாகக் கருதவில்லை. நம் பாட்டன்மார் இங்கு கடை வைத்துப் பிழைத்தவர்கள். கடையைத் திறந்து சரக்கைப் பார்வைக்கு வைப்பதில் தவறேதுமில்லை. எடையைக் குறைப்பதிலும் பழுதை மறைப்பதிலும்தான் பாவம். வலைத்தளத்தில் தம்மைப் பற்றி எழுதுவோரும் தராசைக் கையில் வைத்துக்கொண்டே எழுதவேண்டும். ஐவர் சேர்ந்து நடத்திய விழாவை 'நான் நடத்தினேன்' என்று எழுதுவது எடைக் குறைவு. ஒருநாள் பயிலரங்கில் அமர்ந்திருந்ததை 'சிறப்புப் பயிற்சி பெற்றவர்' என்று எழுதுவது கலப்படம். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். அதைப் பார்த்து வரும் வேலையில் பரக்கத் இருக்கும்.

சகோதரிக்கு நாம் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. இவற்றையெல்லாம் பேசினோம், முடிவை அவரிடமே விட்டோம். இம்மாதக் கூட்டத்துக்கு வந்தபோது தாம் செய்ததைச் சொன்னார். இரு காணொளிகளையும் பையனின் தாயாருக்கு அனுப்பிவிட்டு, தம் தொலைபேசியிலிருந்து நீக்கிவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டுக்குச் சென்று அனுமதி கேட்டார். அம்மூதாட்டி மகிழ்ந்து, தாம் மறந்திருந்த வேறு இரண்டு உத்திகளையும் நினைவுகூர்ந்து சொன்னாராம். பிறகு முதற்பதிவாக, கண்ணாடி முறையைப் பத்து வரியில் விளக்கி, அதைக் கற்றுத்தந்தவர் பெயரைக் குறித்து, "இம்முறை சில பிள்ளைகளிடம் பலிக்கவில்லை, 'ழ'வை 'ய' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்னும் கேள்வியோடு முடித்தார்.

ஆயிரம் பேர் பார்க்கவில்லை. முப்பது சொச்சம் பேர் பார்த்தார்கள். நால்வர் பதில் எழுதினார்கள். அந்நால்வரில் ஒருவர் மலேசியாவில் ஒரு சிறு தமிழ்ப்பள்ளியில் பணிபுரியும் ஆசிரியை. அவருடைய பள்ளியிலும் இதே தொல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருந்தாராம். இப்போது இருவரும் வாரம் ஒருமுறை எழுதிக்கொள்கிறார்கள்.

"காணொளியைப் போட்டிருக்கலாமோ என்று இப்போதும் சில சமயம் தோன்றுகிறது, மாமா" என்றும் சகோதரி சொன்னார். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவரை நாம் மெச்சினோம். அந்த ஆசை முற்றிலும் நீங்கிவிட்டது என்று அவர் சொல்லியிருந்தால்தான் நாம் கவலைப்பட்டிருப்போம். அறிவைக் கொடுக்கும் கையையும், அக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணையும் நமக்கு ஒருங்கே தந்தவன் அல்லாஹ். கற்றதை மறைக்காமல் கொடுக்கவும், கொடுத்ததை எண்ணிக்கொண்டிராமல் மறக்கவும், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் மானத்தைக் காக்கவும் நம் ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் அவன் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.